அம்மாவுக்கு 59 வயது: அவர் கிட்னியை 31 வயது மகனுக்கு வைக்கலாமா?

நகரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய தம்பிக்கு 31 வயது, விசைத்தறி ஓட்டுகிறவர். இரண்டு கிட்னியும் செயலிழந்து ஏழு மாதமாக டயாலிசிஸில் இருக்கிறார். வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் காட்டுகிறார்கள். அம்மாவுக்கு 59 வயது. பி.பி., சுகர் எதுவும் இல்லை, ரத்த வகை பொருந்துகிறது, கொடுக்கத் தயாராக இருக்கிறார். தம்பி மனைவிக்கு 27 வயது, கைக்குழந்தை ஒன்று. அவருக்கும் ரத்த வகை பொருந்துகிறது. டாக்டர் அம்மாவையே டோனராக எடுக்கலாம் என்கிறார். சித்தப்பாவோ, "வயசான கிட்னி எத்தனை நாள் உழைக்கும்? சின்னப் பொண்ணோடதை வையுங்க" என்கிறார். மாமா ஒருவர், "வீட்டில் யாரையும் அறுக்க வேண்டாம், மூளைச்சாவு கிட்னிக்குப் பதிந்து வைப்போம், ஆக்சிடென்டில் போன இளவயசுக்காரர் கிட்னி வரும்" என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

நான் டாக்டர் இல்லை. சிறுநீரக மாற்றுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள். சொந்த ஊர் சித்தூர். தமிழ்நாடு-ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில், இந்தச் சண்டை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: டோனர் வயது முக்கியம்தான், சித்தப்பா சொல்வது பொய் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு நிலைமையில், அம்மாவின் பரிசோதனைகள் சரியாக வந்தால், டாக்டர் சொல்வதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும்.

வயதானால் கிட்னிக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வருவோம். ஒரு கிட்னியில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண் அலகுகள், இருக்கின்றன. பிறக்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு; பிறகு புதிதாக உருவாவதில்லை, குறையத்தான் செய்யும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு, ஆரோக்கியமான கிட்னி டோனர்களிடமே இதை எண்ணிப் பார்த்து 2017-இல் வெளியிட்டது. 18 முதல் 29 வயது டோனர்களின் ஒரு கிட்னியில் வேலை செய்யும் வடிகட்டிகள் ஏறக்குறைய 9.9 லட்சம். 70 முதல் 75 வயதுக்காரர்களிடம் 5.2 லட்சம். ஏறக்குறைய பாதி. இவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. எல்லாச் சோதனையிலும் தேறி டோனராக ஏற்கப்பட்டவர்கள். அதே குழு 2010-இல் இன்னொன்றையும் காட்டியது. தானம் செய்த கிட்னியிலிருந்து எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தழும்பேறிய மாற்றங்கள் 18-29 வயதில் 2.7 சதவீதம் பேரிடம் இருந்தன. 70 தாண்டியவர்களில் 73 சதவீதம் பேரிடம்.

ஆக, வயது கிட்னியில் தடம் பதிக்கிறது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வேகத்தை ஜி.எஃப்.ஆர். என்று சொல்வார்கள்; நிமிடத்துக்கு இத்தனை மி.லி. என்று கணக்கு. நாற்பது வயதுக்கு மேல் அது வருடத்துக்குச் சுமார் 1 மி.லி. இறங்கும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் பொதுக்கணக்கை வைத்துக்கொண்டு உங்கள் அம்மாவை எடை போடக் கூடாது. 60 வயதில் 95 ஜி.எஃப்.ஆர். உள்ளவர்களும் இருக்கிறார்கள், 42 வயதில் 75 உள்ளவர்களும் இருக்கிறார்கள். பிறக்கும்போதே ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நெஃப்ரான் எண்ணிக்கையில் பல மடங்கு வித்தியாசம் இருக்கலாம். ஆதார் கார்டில் இருக்கும் வருடத்தை வைத்து மட்டும் கிட்னியைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, நடைமுறையில் எவ்வளவு வித்தியாசம் வரும்? தம்பி மனைவியின் இரண்டு கிட்னியும் சேர்ந்து 110 என்று வைப்போம். ஒன்றை எடுத்தால் 55. தனியாக வேலை செய்ய வேண்டி வரும்போது கிட்னி கொஞ்சம் பெருத்துத் தன் வேலையைக் கூட்டிக்கொள்ளும். 70-ஐ ஒட்டிப் போகும். அம்மாவுக்கு மொத்தம் 85 என்றால் ஒன்று 42 அல்லது 43; வயதான கிட்னி அவ்வளவாகக் கூட்டிக்கொள்ளாது, 50-ஐத் தாண்டி நிற்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் இது எப்படித் தெரியும் என்றால், மனைவி கிட்னி வைத்தால் தம்பியின் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு; கூடினால் கிட்னியின் வேலை குறைவு என்று அர்த்தம்) 1.1 போல இருக்கலாம், அம்மா கிட்னி வைத்தால் 1.5 போல நிற்கலாம். 1.5-ஐப் பார்த்ததும் "ஆபரேஷன் சரியில்லை" என்று பதறும் குடும்பங்கள் நிறைய. அது தோல்வி இல்லை. அந்தக் கிட்னிக்கு அதுதான் இயல்பு அளவு. அது அங்கேயே நிலையாக நின்றால் தம்பி தறிக்குப் போகலாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருத்தணி படியேறலாம்.

குறைவது ஆரம்ப அளவு மட்டுமல்ல, கையிருப்பும்தான். மாற்றுக் கிட்னி பல அடிகளை வாங்கும்: உடம்பு அதை ஏற்க மறுக்கும் ரிஜெக்‌ஷன், சிறுநீர்த் தொற்று, அந்த மறுப்பைத் தடுக்க வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டிய டாக்ரோலிமஸ் மாத்திரை கிட்னிக்கே செய்யும் கெடுதல். ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் நெஃப்ரான் போகும். இளம் கிட்னி பழுதைச் சரிசெய்துகொண்டு எழும். வயதான கிட்னியின் செல்களுக்கு அந்தத் திறன் குறைவு. வயதான கிட்னியில் ரிஜெக்‌ஷன் கொஞ்சம் கூடுதலாக வருவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதையெல்லாம் கேட்டால் சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்றுதான் தோன்றும். இனி மறுபக்கம்.

மாமா சொன்ன மூளைச்சாவு யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இளைஞர் கிட்னி என்றால் உயிரோடு இருக்கும் 59 வயது அம்மா கிட்னியை விட நிச்சயம் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூளைச்சாவின்போது ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும், உடம்பு முழுக்க அழற்சி கிளம்பும். கிட்னி அதையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறது. பிறகு ஐஸில் பல மணி நேரம் பயணம். உயிரோடு இருப்பவரின் கிட்னி பக்கத்துத் தியேட்டரிலிருந்து நேராக வருகிறது. டெராசாகி என்ற நிபுணரின் குழு 1995-இல் அமெரிக்கப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, மூன்று வருடம் கழித்து வேலை செய்துகொண்டிருந்த கிட்னிகள்: கணவன் மனைவிக்குள் கொடுத்தது 85 சதவீதம், பெற்றோர் கொடுத்தது 82 சதவீதம், இறந்தவரிடமிருந்து வந்தது 70 சதவீதம். இன்று மருந்துகள் முன்னேறி எல்லா எண்ணும் உயர்ந்துவிட்டன. வரிசை மட்டும் பெரிதாக மாறவில்லை. இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். மனைவிக்கும் கணவனுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை, எச்.எல்.ஏ. (தன் செல் எது, அந்நியச் செல் எது என்று உடம்பு பிரித்தறியும் அடையாளம்) மேட்சிங் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். பெற்றோருக்குப் பாதி மேட்சிங் உறுதி. அப்படியிருந்தும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கின்றன. மேட்சிங்கில் பெற்றோருக்குக் கிடைக்கும் லாபத்தை வயது தின்றுவிடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

அப்புறம், இறந்தவர் கிட்னி என்றால் இளைஞர் கிட்னிதான் வரும் என்று யார் சொன்னது? இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்கள் நம் ஊர் டோனர்களில் கணிசமாக இருக்கிறார்கள், உண்மை. ஆனால் பக்கவாதத்தில் மூளைச்சாவு அடைந்த 55, 60 வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். பி.பி. பல வருடம் கவனிக்காமல் இருந்தவர் கிட்னி அது. அமெரிக்காவில் 2002-இல் இதற்கு ஒரு வரையறை வைத்தார்கள்: 60 தாண்டிய டோனர், அல்லது 50-59 வயதில் பி.பி., பக்கவாதத்தால் மரணம், 1.5-க்கு மேல் கிரியாட்டினின் என்ற மூன்றில் இரண்டு உள்ளவர். இந்த வகைக் கிட்னி செயலிழக்கும் அபாயம் வழக்கமான டோனர் கிட்னியைவிட 70 சதவீதம் கூடுதல் என்பது அன்றைய கணக்கு. இந்த வரையறையிலேயே வயதோடு பி.பி.யும் கிரியாட்டினினும் சேர்ந்து வருவதைப் பாருங்கள். பிறகு வந்த மதிப்பெண் முறையும் வயதுக்கு அதிக எடை கொடுத்தாலும், உயரம், எடை, சர்க்கரை நோய் என்று பலவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

ரொம்பச் சின்ன வயது என்றால் இன்னும் நல்லது என்பதும் இல்லை. இரண்டு, மூன்று வயதுக் குழந்தையின் கிட்னி பெரியவர் உடம்புக்குப் போதாது, ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். அதனால் பல சமயம் இரண்டையும் சேர்த்தே ஒருவருக்கு வைக்கிறார்கள்.

இப்போது காத்திருப்பு. என்னைக் கேட்டால் டோனர் வயதைவிடக் குடும்பங்கள் குறைவாக மதிப்பிடும் விஷயம் இதுதான். 2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. இறந்த ஒருவரின் இரண்டு கிட்னியும் இரண்டு பேருக்குப் போகும் அல்லவா? அப்படி ஒரே டோனரிடமிருந்து பெற்ற ஜோடிகளை ஒப்பிட்டார்கள். டோனர் ஒருவரே, ஆக டோனரின் வயது, பி.பி., இறந்த விதம் எல்லாம் சமம். வாங்கியவர்கள் எத்தனை நாள் டயாலிசிஸில் இருந்தார்கள் என்பதுதான் முக்கிய வித்தியாசம். ஆறு மாதத்துக்குள் மாற்றியவர்களிடம் பத்து வருடம் கழித்து 63 சதவீதக் கிட்னிகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு வருடத்துக்கு மேல் டயாலிசிஸில் இருந்துவிட்டு மாற்றியவர்களிடம் 29 சதவீதம். டயாலிசிஸ் நாட்கள் இதயத்தையும் ரத்தக்குழாயையும் அரிக்கின்றன. புதுக் கிட்னி அந்த உடம்புக்குள்தான் வந்து உட்காருகிறது. தம்பிக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. "நல்ல கிட்னி வரட்டும்" என்று மூன்று வருடம் காத்திருந்து இளைஞர் கிட்னி வாங்கினால், வயதில் கிடைத்த லாபம் காத்திருப்பில் கரைந்துபோகும். மூளைச்சாவுப் பட்டியலில் பதிந்து வைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டில் தகுதியான டோனர் இருக்கும்போது அதையே நம்பி உட்காருவதுதான் தவறு.

எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். தமிழ்நாட்டில் பட்டியலைப் பராமரிப்பது மாநில உறுப்பு மாற்று ஆணையம். ஆந்திராவில் 'ஜீவன்தான்' (உயிர்க்கொடை) என்ற திட்டம். எந்த மருத்துவமனை வழியாகப் பதிகிறீர்களோ அந்த மாநில வரிசைதான். பதிவதற்குச் சொந்த மாநிலம் என்ற நிபந்தனை கூடாது என்று 2023-இல் மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. 65 வயது தாண்டியவர்கள் பதிய முடியாது என்ற வரம்பையும் அப்போதுதான் எடுத்தார்கள். ஆனால் பதிவது வேறு, முன்னுரிமை வேறு. நகரி முகவரியோடு வேலூரில் பதிந்தால் வரிசையில் எந்த இடத்தில் நிற்பீர்கள், திருப்பதியில் பதிந்தால் எங்கே நிற்பீர்கள் என்று இரண்டு இடத்து ஒருங்கிணைப்பாளரையும் நேராகக் கேளுங்கள்.

இனி அம்மாவா, மனைவியா.

சித்தப்பாவுக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்காமல் சொல்கிறேன். உயிருள்ள டோனர்களை வைத்து 2012-இல் வந்த ஓர் ஆய்வு, டோனர் வயது 18-லிருந்து 64-க்குள் இருந்தால் கிட்னி ஓடும் காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டது. ஒரே ஒரு பிரிவினர் மட்டும் விதிவிலக்கு: வாங்குபவர் 18-39 வயதுக்காரராக இருந்தால், அதே வயதுக்குள் இருக்கும் டோனர் கிட்னி தெளிவாக அதிக நாள் ஓடியது. உங்கள் தம்பி அந்தப் பிரிவில்தான் இருக்கிறார். காரணமும் புரிவதுதான். 60 வயதுக்காரருக்கு 15 வருடம் ஓடும் கிட்னி போதுமானது. ஐரோப்பாவில் 1999-இலிருந்து 65 தாண்டிய டோனர்களின் கிட்னியை 65 தாண்டியவர்களுக்கே கொடுக்கும் தனித் திட்டமே இருக்கிறது. 31 வயதுக்காரருக்கு இன்னும் நாற்பது வருட வாழ்க்கை இருக்கிறது. கிட்னியின் ஆயுள் அவருடைய ஆயுளுக்கு முன்னால் தீர்ந்துவிடும்.

ஆனால் அந்தக் கடைசி வரி மனைவி கிட்னிக்கும் பொருந்தும். உயிருள்ளவர் கொடுத்த கிட்னி பொதுவாக 15-20 வருடம் ஓடும் என்பார்கள். 27 வயது டோனர் கிட்னி கூடுதலாகச் சில வருடம் ஓடலாம், அதிர்ஷ்டம் இருந்தால் இன்னும் அதிகம். எப்படிப் பார்த்தாலும் தம்பிக்கு வாழ்நாளில் இரண்டாவது கிட்னி தேவைப்பட வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் கேள்வியே மாறுகிறது: முதலில் யார், இரண்டாவது யார்? அம்மா இன்று கொடுக்கலாம். 15 வருடம் கழித்து அவருக்கு 74. அப்போது கேட்க முடியாது. மனைவிக்கு அப்போது 42. அம்மாவின் கிட்னி இன்று பயன்படாவிட்டால் என்றைக்கும் பயன்படாது.

எதிர்வாதமும் உண்டு. முதல் கிட்னி போகும்போது வேற்றுக் கிட்னியைத் தாக்கும் எதிரணுக்கள் உடம்பில் உருவாகி, இரண்டாவதற்குப் பொருத்தம் கிடைப்பது கடினமாகலாம். ஆகவே முதலிலேயே இருப்பதில் சிறந்ததை வை என்று சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான். நான் அம்மா பக்கம் சாய்வதற்குக் காரணம் தம்பியின் கணக்கு மட்டும் இல்லை, கொடுப்பவரின் கணக்கும்தான். நம் வீடுகளில் டோனர் பேச்சு வந்தால் வாங்குபவருக்கு எத்தனை வருடம் என்று மட்டுமே பேசுகிறோம். கொடுக்கும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்க ஆளே இருப்பதில்லை.

27 வயதில் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருப்பது இயல்பு. சர்க்கரையும் பி.பி.யும் நம் பக்கத்தில் தலைகாட்டுவது பெரும்பாலும் நாற்பதை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். 27 வயதில் "நார்மல்" என்று வரும் தாள், 50 வயதில் சுகர் வராது என்று உத்தரவாதம் தராது. அம்மா அந்தப் பரீட்சையை எழுதித் தேறிவிட்டார்: 59 வரை சுகர் இல்லை, பி.பி. இல்லை. இனி அவருக்குக் கிட்னி செயலிழக்கும் அளவுக்கு ஒன்று வருவதற்கு வாய்ப்பும் குறைவு, காலமும் குறைவு. அமெரிக்க டோனர்களைப் பற்றி 2014-இல் வந்த ஆய்வில், தானம் செய்து 15 வருடத்தில் கிட்னி செயலிழந்தவர்கள் 10,000-க்கு 31 பேர். தானம் செய்யாத, அதே அளவு ஆரோக்கியமானவர்களில் 10,000-க்கு 4 பேர். அபாயம் மொத்தத்தில் சிறியதுதான், பயப்படத் தேவையில்லை. ஆனால் அது 15 வருடக் கணக்கு. 27 வயதுப் பெண் ஒற்றைக் கிட்னியோடு வாழப்போவது ஐம்பது வருடம்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2015-இல் வந்தது. கிட்னி கொடுத்த பிறகு கர்ப்பமான பெண்களில் 11 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தமோ அதன் தீவிர வடிவமோ வந்தது. கொடுக்காதவர்களில் 5 சதவீதம். பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை நல்லபடியாகவே பிறந்தது. என்றாலும், அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அநியாயம். வீட்டில் சம்பாதிக்கிறவர் படுத்திருக்கும்போது, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, அவளும் அதே மாதம் ஆபரேஷன் தியேட்டருக்குப் போவது என்றால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் சின்னக் கேள்வி இல்லை. அவள் தானாகவே முன்வருகிறாளா, நான்கு பேர் முன்னால் மறுக்க முடியாமல் தலையாட்டுகிறாளா என்பதைத் தனியாக உட்கார வைத்து ஒருவர் கேட்க வேண்டும். நல்ல மருத்துவமனையில் அதைச் செய்வார்கள். அம்மாவுக்கும் அதே மரியாதை உண்டு. பெற்றவள்தானே, கொடுக்கத்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை: தம்பிக்குக் கிட்னி எதனால் போனது? 31 வயதில் போனால் பரம்பரை நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். இங்கே வயதான டோனருக்கு ஒரு அனுகூலம் உண்டு. கிட்னியில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் குடும்பத்தில் இருந்தால், 59 வயது அம்மாவின் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலே அவருக்கு அது இல்லை என்று சொல்லிவிடலாம். 22 வயதுத் தங்கை இருந்து, அவருடைய ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் அப்படிச் சொல்ல முடியாது. கட்டிகள் பிறகு வரலாம். மாறாக, ஆல்போர்ட் என்ற நோய் என்றால் நிலைமை தலைகீழ். அது பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருகிறது. அம்மா வெளியே ஆரோக்கியமாக இருந்தாலும் அவருடைய கிட்னியும் மெதுவாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து காது மந்தமா, அம்மாவின் சிறுநீரில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் வருகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மாவுக்கு என்னென்ன பார்க்க வேண்டும்? கிரியாட்டினின் மட்டும் போதாது. மெலிந்த, வயதான பெண்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் 0.7 என்று அழகாக வரும், உள்ளே ஜி.எஃப்.ஆர். குறைந்திருக்கும். டி.டி.பி.ஏ. ஸ்கேன் எடுத்து இரண்டு கிட்னியும் தனித்தனியாக எவ்வளவு வேலை செய்கின்றன என்று பார்ப்பார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் நல்லதை அம்மாவிடம் விட்டுவிட்டுக் குறைந்ததைத்தான் எடுப்பார்கள். இது விதி, "நல்லதை எடுத்து மகனுக்கு வையுங்க" என்று அம்மாவே கெஞ்சினாலும் செய்ய மாட்டார்கள், செய்யக் கூடாது. சர்க்கரைக்குக் குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுக்கும் சோதனை, பி.பி.க்கு ஒரு நாள் முழுதும் கட்டியிருக்கும் கருவி, இதயத்துக்கு டிரெட்மில் அல்லது எக்கோ, அந்த வயதுப் பெண்களுக்கு மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை எல்லாம் உண்டு. உடம்பின் அளவும் கணக்கில் வரும். அம்மா 45 கிலோ, தம்பி 85 கிலோ என்றால் சின்னக் கிட்னி பெரிய உடம்பைச் சுமக்க வேண்டும். வயதும் சேர்ந்தால் அது கூடுதல் பாரம். ஆபரேஷனைப் பற்றி அம்மா பயந்தால், அமெரிக்காவில் எண்பதாயிரம் டோனர்களை வைத்து 2010-இல் வந்த கணக்கைச் சொல்லுங்கள்: மூன்று மாதத்துக்குள் இறப்பு 10,000-க்கு மூன்று பேர். அம்மாவின் இதயம் சரியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

டயாலிசிஸில் இருக்கும் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சும்மா சும்மா ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் எதிரணுக்களை உருவாக்கலாம். யார் கிட்னிக்கும் பொருத்தம் கெடும். ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்டின் ஊசியும் இரும்புச்சத்தும் போட்டுச் சமாளிக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கொடுத்த பிறகு அம்மா வலி மாத்திரையைத் தொடக் கூடாது. எலும்புக்கட்டு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. மூட்டு வலிக்குக் கட்டுப் போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடையில் சொல்லி வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும், என்ன இருக்கிறது என்றே தெரியாத சூரணங்களும் ஒற்றைக் கிட்னிக்காரருக்கு ஆகாது. வருடம் ஒருமுறை பி.பி., கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் பார்க்க வேண்டும். மகனின் செக்கப்புக்கு மாதாமாதம் கூடவே வரும் அம்மாக்கள், தங்களுக்கு ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தில் அம்மா, மனைவி இருவரும் நெருங்கிய உறவு; டோனருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அம்மா என்றால் காகித வேலை சுலபம். எல்லைப்புறத்தில் ஒன்றை மட்டும் இப்போதே சரிபார்த்துவிடுங்கள். ஆந்திரா ரேஷன் கார்டில் வீட்டுப் பேர் முன்னால் இருக்கும். அம்மாவின் பள்ளிச் சான்றோ பழைய அட்டையோ தமிழ்நாட்டில் எடுத்ததாக இருந்தால் தகப்பன் பெயரின் இனிஷியல் இருக்கும். ஆதாரில் மூன்றாவதாக ஒன்று. இருவரும் தாயும் மகனும்தான் என்று நிரூபிக்க வேண்டிய இடத்தில் பெயர் இடித்தால் வாரக்கணக்கில் ஓடும்.

1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று நடந்தது உங்கள் பக்கத்து வேலூரில், சி.எம்.சி.யில். அரை நூற்றாண்டு அனுபவம் உள்ள ஊர். அங்கே உள்ள டாக்டர் 59 வயதைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்கிறார். நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது வயதைப் பற்றி இல்லை: "அம்மாவின் ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? எடுக்கப் போகும் கிட்னியின் பங்கு எவ்வளவு?" மொத்தம் 80-க்கு மேல், இரண்டும் ஏறக்குறைய சமம், புரதம் இல்லை, தம்பிக்கு இருப்பது அம்மா வழி நோய் இல்லை என்று வந்தால் நாள் குறித்துவிடலாம். 70-க்குக் கீழே வந்தால் நானும் சித்தப்பா பக்கம் வந்துவிடுவேன். அப்போது மனைவியிடம் தனியாகப் பேசுங்கள். அவரும் வேண்டாம் என்றால் மூளைச்சாவு வரிசையில் பதிந்துவிடுங்கள்; நெருங்கிய உறவில் வேறு ஒருவர் முன்வந்து ரத்த வகை பொருந்தாவிட்டால், இன்னொரு குடும்பத்தோடு டோனரை மாற்றிக்கொள்ளும் முறையில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சட்டம் அதை அனுமதிக்கிறது. ரத்த வகை பொருந்தாத ஜோடிகளுக்காக வந்த ஏற்பாடுதான் அது.